முன்னறைக்கு வந்தவள்

அந்த முன்னறைக்காகத் தையல்காரி வருஷக்கணக்காக ஜெபித்தாள். அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே மிஷினைப் போட்டு, கல்யாண கவுனில் எண்ணெய் தெறித்துவிடுமோ என்று பயந்து பயந்து தைத்தே அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்த அறையில் வாடகைக்குக் குடியிருந்தவர் ஒருவழியாகக் காலி செய்தார். அவள் வெள்ளையடித்தாள். துணி வெட்ட நீள மேசைக்குத் தச்சரிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சியும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கணவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவனுடைய அக்கா, கையில் பெட்டியோடு.

"ஊசி பிடிக்கிறவளா நம்ம வீட்டுக்கு?" என்று கல்யாணத்திலேயே நாலு பேர் காதில் விழும்படி சொன்ன நாத்தனார் அவள். இப்போது அவளுடைய மகன் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டான். வீட்டையும் விற்றுவிட்டான். அம்மா எங்கே போவாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்று தையல்காரி கணவனைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கேட்டாள்.

"அவங்களுக்கு வேற யாரு இருக்கா, நீயே சொல்லு."

மேசை வேண்டாம் என்று தச்சருக்குச் சொல்லி அனுப்பினாள். அன்று மண்டியிட்டபோது வாயில் துதி வரவில்லை. "இடம் கேட்டா ஆளை அனுப்புறீங்களே ஆண்டவரே. நான் கேட்டது உங்க காதுல சரியா விழலையா?"

"எல்லாம் அவர் சித்தம்மா," என்றார், விஷயம் கேள்விப்பட்டு வந்த போதகரின் மனைவி.

"சித்தம் அவரோடது, சமையல் என்னோடது," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அங்கேயே மன்னிப்பும் கேட்டாள்.

நாத்தனாருக்கு எதுவும் பிடிக்கவில்லை. குழம்பில் உப்பு கூடியது, டீயில் சூடு குறைந்தது. "மத்தியானம் கண்ணசர விடுதா இந்தக் கடகட?" என்று மிஷினையும் விட்டுவைக்கவில்லை. தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் செய்தாள். தட்டை மட்டும் மேசை அதிர வைத்தாள். சபையில், "உன்னை மாதிரி யாரு பாத்துக்குவா?" என்று கேட்டவர்களிடம், "நம்மளால முடிஞ்சது," என்று தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளுக்குள் அது இனித்தது என்பது அவளுக்கே தெரியும்.

ஒருநாள் விடியும் முன்னே குளியலறையில் தண்ணீர் ஓடுவது கேட்டது. போய்ப் பார்த்தாள். குழாயை அதிகச் சத்தம் வராதபடி நூலாகத் திறந்துவிட்டு, நாத்தனார் தரையில் குந்தியிருந்தாள். வீங்கிய விரல்களால் படுக்கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அது எதனால் நனைந்தது என்று வாசனையே சொன்னது.

இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு வார்த்தை தையல்காரியின் நுனி நாக்கு வரை வந்தது.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "தண்ணி கொட்டிருச்சு," என்றாள். அடி விழப்போகிறது என்று காத்திருக்கிற பிள்ளையின் முகம். வந்த வார்த்தையைத் தையல்காரி விழுங்கிக்கொண்டாள்.

"அந்த ஜன்னல் ஒழுகும்க்கா. நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

மழை பெய்து எவ்வளவோ நாளாகியிருந்தது. இருவருக்கும் அது தெரியும். தையல்காரி ஈரத்தரையில் உட்கார்ந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கம் முறுக்கிப் பிழிந்தார்கள். "அவன் போன்கூட பண்றதில்ல," என்றாள் நாத்தனார், பக்கெட்டைப் பார்த்தபடி. தையல்காரி அந்த வீங்கிய கையைத் துடைத்துவிட்டாள்.

காலையில், தைத்துக்கொண்டிருந்த கல்யாண கவுனை ஓரம் வைத்துவிட்டு, மெத்தைக்குத் தடித்த துணியில் நாலு அடுக்காக ஒரு விரிப்பு தைத்தாள். முன்னறைக் கட்டிலில் கொண்டுபோய் விரித்தாள். அதைத் தடவிப் பார்த்த நாத்தனார், "ஓரத்துல தையல் கோணல்," என்றாள்.

தையல்காரி சமையலறைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். "கோவம் இன்னும் போகல ஆண்டவரே. பொய்யா நடிக்கவும் முடியல. ஆனா நீங்க அவங்களை எங்கிட்டதான் அனுப்பினீங்கன்னு புரியுது. பொறுமையையும் கூடவே அனுப்பியிருக்கலாம்."

பிறகு கோணலாக இருந்த ஓரத்தைப் பிரிக்க உட்கார்ந்தாள்.