கலியாணக் காருக்கு ஊற்றிய ஒயில்

அப்புத்துரை பரந்தன் சந்தியில் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை அந்தச் சந்தியில் வாடகைக்கு ஓடிய ஒரே கார் என்னுடையது. பக்கத்து ஊர் முரசுமோட்டையில் எந்தக் கலியாணமென்றாலும் பொம்பிளையை ஏற்றிப்போவது நான்தான்.

என் கார் இப்போது ஒயில் குடிக்கிறது. கிளிநொச்சிக்குப் போய்வந்தால் அரைப் போத்தல் ஊற்ற வேண்டும். பின்னால் ஒரே நீலப் புகை. அவனுடைய சனியன் பிடித்த காரில் பெயருக்குக்கூடப் புகை கிடையாது!

தை மாதம் வீரகத்தியரின் மகள் ஜெகதீஸ்வரிக்குக் கோயிலில் கலியாணம். வீரகத்தியர் வந்து தலையைச் சொறிந்தார்.

"பரமலிங்கம், கோவிக்காதை. பட்டுச்சீலை புகை மணக்குமெண்டு வீட்டில சொல்லுகினம். அப்புத்துரையைக் கேப்பமோ எண்டு..."

நான் கார் மூடியில் ஓங்கித் தட்டினேன்.

"புகை வராது அண்ணை. வந்தா இனி இந்தக் காரைத் தொடமாட்டன்!"

ட்ரக்டர்கார இளையதம்பியிடம் கியர் ஒயில் வாங்கினேன். தேன்போலத் தடிப்பு, லேசில் எரிந்து புகையாது. எஞ்சினில் கிடந்ததை வடித்துவிட்டு அதை ஊற்றி, மத்தியான வெயிலில் சந்தியைச் சுற்றி ஓடினேன். புகை நின்றுவிட்டது. அப்புத்துரை மெல்லக் கிட்ட வந்தான்.

"அண்ணை, உது கியர் பெட்டிக்கு ஊத்திற ஒயில். விடியப் பனிக்கு இறுகிப்போம், எஞ்சின் சுத்தாது. பிஸ்டன் ரிங் தேஞ்சுதான் புகைக்குது, அதை மாத்துங்கோவன்."

"உனக்கு எரிச்சலடா!" என்றேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரமே காரை வீரகத்தியர் வாசலில் விட்டு மாலை கட்டினோம். விடிய ஹாண்டில் கம்பியை முன்னால் செருகி எஞ்சினைச் சுற்றினால், அது அசையவே இல்லை. நாலுபேர் தள்ளினார்கள். ம்ஹூம். முகூர்த்தம் நெருங்க, வீரகத்தியர் அப்புத்துரைக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பினார். அந்தப் புதுக் கார் வந்து நின்றபோது செத்துப்போகலாம்போல இருந்தது.

அவன் இறங்கி நேரே என் காரிடம் வந்தான். சமையல் கிடாரத்திலிருந்து கொதிதண்ணீர் எடுத்து, என் ரேடியேற்றரில் கிடந்த பச்சைத்தண்ணீரை வடித்துவிட்டு, இறுகிய ஒயில் இளகட்டுமென்று அதை ஊற்றினான். பிறகு இரண்டு கார்களுக்கும் நடுவே கயிறு கட்டினான்.

"மாலை கட்டின காரை விட்டிட்டுப் போறது வடிவில்லை. பொம்பிளை அண்ணையின்ர காரிலையே போகட்டும்."

அவன் கார் இழுத்த மூன்றாம் இழுவையில் என் எஞ்சின் பிடித்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவன் போய்விட்டான்.

பொம்பிளையை ஏற்றிக்கொண்டு போகையில், பாதி வழியில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் தெரு தெளிவாகத் தெரிந்தது.

"பாத்தியே பிள்ளை? புகையே இல்லை!"

"ஓம் மாமா," என்றாள் ஜெகதீஸ்வரி. "அப்புத்துரையண்ணை எவ்வளவு நல்ல மனுசன், என்ன?"

கோயில் வாசல் வரைக்கும் அவள் அவனைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள்.