பனிக்குச் செய்த டயர்

கழற்றிய டயரைத் தரையில் சாய்த்துப் போட்டு, அதன் உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தான் ஜாபர் அலி. பிறகு ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினான். ரெங்கசாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மூன்று முகடுள்ள சின்ன மலை, அதற்குள் நட்சத்திரம் மாதிரி ஒரு பனித்துகள். ரப்பரோடு ரப்பராக வார்க்கப்பட்டு மேலெழும்பி நின்றது.

"அண்ணே, இது பனி பெய்யிற ஊருக்குச் செஞ்ச டயரு. ஜப்பான்ல குளிருக்கு மாட்டிக்கிட்டு, வெயில் வந்ததும் கழட்டி வச்சிருவாங்க. பழசானதும் கன்டெய்னர்ல இங்க வந்துரும். பட்டன் தேயாம புதுசு மாதிரி இருக்குல்ல, நம்மாளுங்க ஏமாந்துருவாங்க. நகத்தை வச்சு அமுக்கிப் பாருங்க."

ரெங்கசாமி அமுக்கினார். நகம் உள்ளே இறங்கியது.

"குளிர்ல இறுகிறக் கூடாதுன்னு மெத்துனு செஞ்சது. நம்ம ஊரு சூட்டுக்கு இது வெண்ணெய். மழைத் தார்ல பிரேக் அடிச்சா நிக்காதுண்ணே, அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்." ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் கடல் தாண்டி வந்து, பந்திங் ஊரில் இந்தக் கடையில் ஆறு வருடமாக டயர் மாற்றுகிறவன் அவன். டயரைப் புரட்டி வெளிப்பக்கத்தைத் தடவினான். "இங்க பாருங்க. இதே மார்க்கு இந்தப் பக்கமும் இருந்திருக்கு. தேச்சு எடுத்துட்டு மேல கறுப்புப் பாலிஷ் அடிச்சிருக்காங்க. உள்பக்கம் யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டாங்க. எந்தக் கடையிலண்ணே போட்டீங்க?"

தேய்த்திருந்த இடத்தில் ரெங்கசாமி விரலை வைத்தார். இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பை உண்டாக்க ஒருவன் உட்கார்ந்து நிதானமாகத் தேய்த்திருக்க வேண்டும். ஒரு டயருக்கு ஐந்து நிமிடம் என்றாலும் நான்கு டயருக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பான் என்று யோசித்தார். காலையிலிருந்து இருந்த பயம் அந்த நொடியில் கோபமாக மாறியது. காது இரண்டும் சூடேறின.

காலை ஏழு மணிக்கு, செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் அது நடந்தது. இரவெல்லாம் பெய்து விடிகாலையில் ஓய்ந்திருந்தது மழை. அவர் நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன மோட்டார் சைக்கிள் நின்றது, பிரேக்கை மிதித்தார், பிக்கப் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் நழுவி, பக்கவாட்டாகத் திரும்பி, கால்வாய்க்குள் இறங்கியது. பின் சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நல்லம்மாளுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்துவிட்டது. தோட்டங்களில் புல் வெட்டவும் மருந்து தெளிக்கவும் ரெங்கசாமி எடுக்கும் குத்தகைகளில் பதினைந்து வருடமாக அவரோடு வேலை செய்கிறவள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது வலியில் உதட்டைக் கடித்தபடி சொன்னாள்: "ஏண்ணே, மாப்ள போட்ட டயரு சத்தமே போடாதுன்னு பெருமையா சொன்னீங்களே. சத்தம் போடாமத்தான் கவுத்திருச்சு."

அவள் சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. தோட்டத்து டிராக்டர் கால்வாயிலிருந்து இழுத்துவிட்ட பிக்கப்பை நேராக இங்கே ஓட்டி வந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் பழைய டயர்கள் தேய்ந்தபோது அவர் நேராக இந்தக் கடைக்குத்தான் வந்திருக்க வேண்டும். எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பாதி நாள் தார் ரோட்டிலும் பாதி நாள் செம்மண்ணிலும் ஓடுகிற வண்டிக்கு ஆல்டெரைன் டயர்தான். கட்டை கட்டையான பட்டன், கெட்டி ரப்பர், கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும். ஆனால் மகள் வாணியின் கணவன் விமலனுக்கு, கிள்ளானுக்கு அப்பால் மேருவில், டயர் கடை. "மாப்ள கடை இருக்கறப்ப வேற கடையில டயர் போட்டா, அவர் மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? வாணியத்தானே சொல்லிக் காட்டுவாங்க" என்றாள் அவர் மனைவி அஞ்சம்மாள். அது சரிதான். பெண் கொடுத்த வீட்டில் கடை இருக்க வேறு கடையில் போய் நிற்க முடியாது.

மேருவில் விமலன் கடையில் இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒரு பக்கம் புது ஆல்டெரைன், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. இன்னொரு பக்கம் ஜப்பான் டயர்கள். ரெங்கசாமி ஆல்டெரைன் மேல்தான் கையை வைத்தார். "அது சத்தத்துலயே மண்டையப் பொளக்கும் மாமா. இதப் போடுங்க, ஜப்பான் சாமான். பிக்கப்பு சொகுசுக் காரு மாதிரி சத்தமே இல்லாம ஓடும்" என்றான் விமலன். காசு கொடுக்கப் போனபோது கையைத் தள்ளிவிட்டான். "உங்ககிட்ட வாங்கிட்டு நான் எங்க போய்க் கொட்டப்போறேன்?" வாணி நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். கற்பூரம் காட்டினாள். ஏற்றி நசுக்கிக்கொண்டு கிளம்பினார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். அன்றைக்கே டயரைத் தொட்டபோது ரப்பர் என்னமோ மெத்தென்று இருப்பதாக அவர் விரலுக்குத் தெரிந்தது. இனாமாகக் கொடுப்பதில் எப்படிக் குற்றம் சொல்வது என்று விரலை எடுத்துக்கொண்டார். இப்போது நினைக்கையில் அந்த விரலை ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆல்டெரைன் போடு தம்பி, நாலும். இதையெல்லாம் பின்னால ஏத்திரு" என்றார் ஜாபர் அலியிடம்.

கிள்ளானைத் தாண்டும்போது அஞ்சம்மாள் போன் செய்தாள். சுருக்கமாகச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள், "எங்க போய்ட்டிருக்கீங்க?" என்றாள்.

"மேருவுக்கு."

"ஏங்க, வேணாங்க. நீங்க கத்திட்டு வீட்டுக்கு வந்துருவீங்க. வாணி அங்கதானே இருக்கணும். நீங்க ஒரு வார்த்த சொன்னா அவளுக்கு அது ஒரு வருஷத்துக்கு நிக்கும்."

அவர் போனை வைத்தார். அவள் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. மகளைக் கட்டிக் கொடுத்த பத்து வருடத்தில் அந்த வீட்டில் அவர் எத்தனையோ முறை வாயை மூடிக்கொண்டு காபி குடித்திருக்கிறார். வாணி தான் பார்த்த பேங்க் வேலையை விட்டுவிட்டுக் கடையில் பில் போட உட்கார்ந்தபோதும் அப்படித்தான். தான் பேசாமல் இருப்பதே அவளுக்குப் போடுகிற வேலி என்று நம்பியிருந்தார். இன்றைக்கும் கத்தக்கூடாது. டயரை இறக்கிவைத்து, இதை இனி யாருக்கும் விற்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பார்த்தபடி ஓட்டினார். புது டயர்கள் ம்ம்ம் என்று தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டே வந்தன.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க மாமா! சாப்டீங்களா? குடிக்க மைலோ ஐஸ் சொல்லவா?" என்று விமலன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ரெங்கசாமி பிக்கப்பின் பின்கதவைத் திறந்து முதல் டயரைத் தள்ளினார். அது குதித்து, உருண்டு, ஒரு வாடிக்கையாளரின் காலடியில் போய்ச் சுழன்று விழுந்தது. அடுத்ததையும் தள்ளினார்.

"என்ன மாமா இது?" விமலனின் கண் பிக்கப்பின் புதுச் சக்கரங்களுக்குப் போனது. முகம் வாடியது. "வேற கடையில போட்டுட்டீங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா நானே மாத்திக் கொடுத்திருப்பேன்லா."

அவனுக்குத்தான் ஏதோ அநியாயம் நடந்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். ரெங்கசாமி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது.

"நல்லம்மாளுக்குக் கை ஒடஞ்சு போச்சு" என்றார்.

"யாருக்கு?"

"உங்க கல்யாணத்துக்கு ரெண்டு நாள் குனிஞ்ச தல நிமிராம பாத்திரம் கழுவுனாளே, அவளுக்கு."

"ஐயோ. மழையில்ல மாமா, யாரு ஓட்டுனாலும் வழுக்கத்தான் செய்யும். நீங்களும் மெதுவா போயிருக்கலாம். வயசாகுதுல்ல."

ரெங்கசாமி மூன்றாவது டயரைத் தூக்கி அவன் முன்னால் நிமிர்த்தி நிறுத்தினார். "உள்பக்கம் மல இருக்கு, பனி இருக்கு. வெளிப்பக்கம் எங்க போச்சு மாப்ள? நீங்களே தேச்சீங்களா, ஆள வச்சுத் தேச்சீங்களா?" அந்தக் கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேச வந்தது. அது அவருக்கே கசந்தது.

விமலன் வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மாமா, உள்ள வந்து பேசலாம். ஊரு பூரா இதான் ஓடுது. நான் ஒருத்தனா விக்கிறேன்?"

வாணி உள்ளேயிருந்து வந்து எப்போதோ கண்ணாடிக் கதவருகில் நின்றிருந்தாள். கையில் கார்ச் சாவி. பக்கத்தில் அவள் மகள், எட்டு வயது அனுப்பிரியா, நடன வகுப்புக்காகப் பச்சைச் சேலையைக் கொசுவமிட்டுக் கட்டி, காலில் சலங்கை இல்லாமல் சலங்கைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை. ரெங்கசாமி மகளைப் பார்த்ததும் டயரை விட்டுவிட்டார். அது மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. போச்சு, கேட்டுவிட்டாள் என்று நினைத்தார்.

வாணி அவரைப் பார்க்கவில்லை. படியிறங்கி, கடை வாசலில் நின்றிருந்த தன் சின்னக் காரின் முன்சக்கரத்தருகே குந்தினாள். டயரின் வெளிப்புறத்தைக் கையால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கை நின்றது. அங்கேயே முன்னும் பின்னும் இரண்டு முறை தடவினாள்.

"இதுலயுமா?" என்றாள், நிமிராமல்.

"நீ என்ன எஸ்டேட்டுக்கா போற? கிள்ளானுக்குள்ள ஓட்டறதுக்கு இது போதும்."

"வாரா வாரம் டான்ஸ் கிளாஸுக்கு பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போறேன். இவளப் பின்னால வச்சுக்கிட்டு. மழையோ வெயிலோ, ஹைவேல தொண்ணூறுல போறேன்."

"ஒண்ணும் ஆகலல்ல?"

ரெங்கசாமிக்குக் கண்ணுக்குள் ஏதோ வெளுத்த மாதிரி இருந்தது. தேய்த்த அந்த இருபது நிமிடம் அவர் வண்டிக்கு மட்டுமில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு காபி குடித்த அத்தனை நாளும் இந்தச் சக்கரத்தின்மேல்தான் மகளும் பேத்தியும் போய்வந்திருக்கிறார்கள். வேலியாம். பிக்கப்பின் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, கட முன்னாடி இப்படியெல்லாம் செய்யாதீங்க. ஆளுங்க பாக்கறாங்க."

அவர் ஸ்பானரை மாட்டிக் காலால் மிதித்தார். முதல் நட்டு கிரீச்சிட்டு இளகியது. வாடிக்கையாளர்களில் ஒருவர் எழுந்து, தன் காரின் டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கப் போனார். இரண்டாவது நட்டு, மூன்றாவது, நான்காவது. ஜாக்கியை வைத்து ஏற்றினார். கார் ஒரு பக்கம் மெல்ல எழும்பியது. நட்டுகளை விரலால் கழற்றக் கழற்ற, வாணி கையை நீட்டினாள். ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் போட்டார். அனுப்பிரியா சேலை அழுக்காகுமே என்று தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்று பார்த்தாள்.

சக்கரம் கழன்று வந்தது. கார் மூன்று காலில், கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வர நினைத்த ஒரு லோரி ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"வாணி, விளையாடாத. நட்டக் குடு. நானே வேற போட்டுத் தரேன்" என்று விமலன் கையை நீட்டினான்.

வாணி எழுந்தாள். கிரீஸ் படிந்த நான்கு நட்டுகளும் அவள் உள்ளங்கையில் கிடந்தன. அவன் கையையும் அவற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் கறுப்பு எண்ணெய் கசிந்து, மணிக்கட்டு வழியாக வளையல்வரை இறங்கியது.