சிவப்பு டேப் சுற்றிய குச்சி

என் தம்பி ரெயால் கோடையில் கூரை வேய்வான், குளிர்காலத்தில் டிராக்டரால் பனி அள்ளுவான். இரண்டுக்கும் வலது கை வேண்டும். என் புருஷன் கிளெர்மோனும் பனிதான் அள்ளுகிறான். அவனுக்குக் கையைவிட வாய் நீளம்.

எங்கள் ஊர் சாகெனேயில் ஜனவரிப் பனி மாவு மாதிரி. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய மிஷினின் விசிறி அதை அள்ளிக் குழாய் வழியாக வேலிக்கு அப்பால் வீசிவிடும். மார்ச் மாதத்து ஈரப்பனிதான் வில்லன். குழாயின் கழுத்தில் அப்பிக்கொண்டு சிமெண்ட்டாக இறுகும். அதனால் இங்கே ஒவ்வொரு டிராக்டரிலும் ஒரு கொக்கி, கொக்கியில் உடைந்த ஹாக்கி மட்டை ஒன்று தொங்கும். குத்திவிடத்தான். ரெயால் தன் மட்டையில் சிவப்பு டேப் சுற்றியிருந்தான்.

சென்ற மார்ச்சில் முதியோர் இல்லத்து முற்றத்துக்குப் போட்டி வந்தது. ஊரிலேயே பெரிய முற்றம். நிர்வாகி மதாம் புஃபார் என் தம்பி, புருஷன் இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "ஆளுக்கு ஒரு தடவை மாத்தி மாத்தி அள்ளுங்க. யாரு வண்டி என் ஜன்னலுக்கு முன்னால நிக்காம ஓடுதோ, அடுத்த வருஷம் அவருக்குத்தான்."

ரெயாலுக்கு அந்த முற்றம் கிடைத்தால் வீட்டை அடமானத்திலிருந்து மீட்டுவிடலாம். தூக்கமில்லாமல் யோசித்தான். பழைய ஹாக்கி அரங்கத்தை இடித்தபோது அதன் சுற்றுச்சுவரிலிருந்து வெள்ளை பிளாஸ்டிக் பலகைகளை அள்ளிக்கொண்டு வந்தான். குழாயை ஒரு முழம் உயர்த்திப் பற்றவைத்து, உள்ளே அந்தப் பலகையை இரண்டு துண்டாக வளைத்துத் திருகாணி போட்டு முடுக்கினான். மேலே பன்றிக் கொழுப்பைத் தடவினான். நாய் வந்து நக்கியது. அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் கூடத்தில் காபி குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் அறிவித்தான். "இனி என் குழாய்ல ஒரு பொட்டுப் பனி ஒட்டாது மாமா. வழுக்கிட்டுப் போகும்."

"அப்ப குச்சி எதுக்கு மாப்ளே கொக்கியில? சாமி படமா அது?" என்றான் கிளெர்மோன். கூடம் சிரித்தது.

"இருக்கட்டும், ஒரு துணைக்கு."

"ஆம்பளைக்குத் துணை எதுக்குடா?"

அடுத்த புதன் காலை ஈரப்பனி கொட்டியது. முறை ரெயாலுடையது. இல்லத்துக் கிழங்கட்டைகள் எல்லாம் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் சினிமா. என் புருஷன் சாலைக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் காபியோடு சாய்ந்து நின்றிருந்தான். வேடிக்கை பார்க்க எதற்கு வந்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

பாதி முற்றத்தில் குழாய் அடைத்தது. ரெயால் இறங்கினான். விசிறியை நிறுத்தினான், இன்ஜினை அணைக்கவில்லை. கொக்கிக்குக் கை போனது. வெறும் கொக்கி. இருக்கைக்கு அடியில் பார்த்தான், சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தான். உள்ளே போய் மதாம் புஃபாரிடம் ஒரு துடைப்பக் கட்டை கேட்டிருக்கலாம். கேட்டால் முற்றம் போய்விடும். ஜன்னலில் யாரோ கண்ணாடியைத் தட்டிச் சிரித்தார்கள். ரெயால் கையுறையோடு கையைக் குழாயின் கழுத்துக்குள் விட்டான்.

பனி விடுபட்டதும், விசிறியைச் சுழற்றும் தண்டில் மிச்சமிருந்த முறுக்கு விசிறியை அரைச் சுற்று சுற்றியது. அவ்வளவுதான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் அவன் என்னிடம் சொன்னது இது. "குச்சிய எங்கயோ மறந்து வச்சுட்டேன் அக்கா. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

கிளெர்மோன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். "நீ எப்பவும் மறதிக்காரன்தான் மாப்ளே," என்றான். கண்கூடச் சிமிட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய வண்டியில், இருக்கைக்குப் பின்னால், சிவப்பு டேப் சுற்றிய மட்டையைப் பார்த்தேன். கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"விளையாட்டுக்கு எடுத்தேன். கோயில் வாசல்ல. அவன் கைய விடுவான்னு நான் கனவா கண்டேன்?"

"அவன்கிட்ட சொல்லு."

"சொன்னா விரல் முளைக்குமா?"

அதோடு பேச்சு முடிந்தது. நானும் தம்பியிடம் சொல்லவில்லை. தன்னைத்தானே திட்டிக்கொண்டு எப்படியோ எழுந்து நடக்கிறவனிடம் போய் எப்படிச் சொல்வது? முற்றம் கிளெர்மோனுக்கு வந்தது. கூரை மேல் ஆணி பிடிக்க விரல் இல்லாத ரெயால், டிராக்டரையும் மிஷினையும் அவனுக்கே அடிமாட்டு விலைக்குக் கொடுத்தான். "சொந்தத்துக்குள்ளயே இருக்கட்டும்" என்றான் பாவி.

நவம்பரில் ஒரு காலை ரெயால் எங்கள் வீட்டுக்கு வேகமாக வந்தான். முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு வெளிச்சம்.

"அக்கா, அன்னைக்குக் குழாய் ஏன் அடைச்சுதுன்னு ராத்திரி புரிஞ்சுபோச்சு. கூரை ஓடு போடுற பழக்கம் என் தலையில! மேல் துண்டு கீழ்த் துண்டு மேல படியுற மாதிரி போட்டுட்டேன். கூரையில தண்ணி கீழ இறங்கும், அதுக்கு அது சரி. குழாய்ல பனி மேல ஏறுதே! நேரா இடுக்குல பூந்து பலகையத் தூக்கிடுச்சு. மாத்திப் போட்டா அடைக்கவே அடைக்காது. மாமாகிட்ட சொல்லணும், ஈரப்பனி வர்றதுக்குள்ள."

கொட்டகைக்கு இருவரும் போனோம். கிளெர்மோன் ரெயாலிடம் வாங்கிய மிஷினின் குழாய்க்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தான். கொக்கியில் சிவப்பு டேப் சுற்றிய மட்டை தொங்கியது. நல்ல மட்டை, எதற்கு வீணாக்குவது என்று எடுத்து மாட்டிவிட்டான். மனசாட்சி உள்ளவனுக்கு அந்த யோசனை வருமா?

ரெயால் அதையே பார்த்தான். பிறகு இரண்டு விரலால் அதை இறக்கினான். "இது என்னோடது மாமா."

கிளெர்மோனின் கை குழாயிலேயே நின்றுவிட்டது. "பழசெல்லாம் கெடந்துது... வேணும்னா எடுத்துக்கோ."

"என்னவோ சொல்ல வந்தியே?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அக்கா. மறந்துபோச்சு. நான் மறதிக்காரன்தானே."

அன்றைக்கே நான் கிளெர்மோனிடம் பலகையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றும் அதற்கு எனக்கு வருத்தமில்லை.

டிசம்பர் முதல் வாரமே கருணை இல்லாமல் ஈரப்பனி வந்தது. நான் இல்லத்துச் சமையலறைக்கு ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி முற்றத்துக்கு வரும்போது குழாய் அடைத்து டிராக்டர் நின்றிருந்தது. ஜன்னல் முழுக்கக் கிழட்டு மூக்குகள், நடுவில் மதாம் புஃபார் கடிகாரத்தைப் பார்த்தபடி. கிளெர்மோன் இறங்கிக் கொக்கியைப் பார்த்தான். புதுக் குச்சி மாட்ட அவனுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. அவன் பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில், ரெயால் நின்றிருந்தான். இடது கையில் காபி. கக்கத்தில் அந்த மட்டை.

"மாப்ளே! அதக் கொஞ்சம் குடுடா!"

ரெயால் ஒரு வாய் காபி குடித்தான். "உனக்குத்தான் முழுசா கை இருக்குல்ல மாமா."

ஜன்னலில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கிளெர்மோன் குழாயைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நான் என் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.