டென்சிலின் நிமிர்ந்த படம்

உலகப் பொழுதுபோக்குத் துறையினர் அனைவரின் மேலான கவனத்துக்கு: பிறந்த நாள் முதலாகப் படுத்தே கிடந்த சினிமாப் படம், சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரிகத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் எழுந்து நின்றது. எழுப்பியவர் டென்சில். தொழில், கேபிள் டிவி.

தொழில் என்று சொல்வது மரியாதைக்காக. மாதச் சந்தாவுக்குப் போன வீடுகளில் டிவி மேல் துணி போர்த்தி, மணி பிளான்ட் வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன்.

மகள் வினோலியாதான் வழி சொன்னாள். தினமும் விடியுமுன் ரயிலில் பெங்களூர் போய், ஊர் தூங்கிய பிறகு வருகிறவள்; சனிக்கிழமை மட்டும் மாலையே வருவாள். "டாடி, டிரெய்ன்ல எல்லாரும் போனை நிமித்திப் புடிச்சு ஒரு நிமிஷ டிராமாதான் பாக்கறாங்க. நாமளும் எடுப்போம். ஒரு ஆப் கம்பெனில பேசிட்டேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முதல் எபிசோடை அவங்க ஆப்ல அஞ்சாயிரம் பேர் பாத்தா, மிச்சத்துக்கு அவங்களே பணம் போடுவாங்க."

கேபிளை மூடிவிட்டு பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்த டென்சில், உடனே டைரக்டர் ஆனார். தொடக்க விழாவில் உரையும் ஆற்றினார்.

"உலகமே படுக்க வெச்சு எடுத்துச்சு. நம்ம ஊரு நூறு வருஷமா மேலயும் கீழயும் போன ஊரு. சுரங்கத்து ஷாஃப்ட்டு இன்னா படுத்துனா இருந்துச்சு?"

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் ஆள் இறக்கி ஓய்வு பெற்ற ராஜேந்திரன் கை தட்டினார். அவர்தான் வில்லன். கதாநாயகி, டென்சிலின் மனைவி ஐடா.

நிமிர்ந்த படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் நிற்க முடியாது என்பது எடுக்கும்போதுதான் தெரிந்தது.

"நான் மெரட்டறது தெரியுதா மா?"

"உங்க காது தெரியுது அங்கிள்" என்றாள் போனைப் பிடித்திருந்த வினோலியா.

வில்லனை ஸ்டூல் மேல் ஏற்றினார்கள். அவர் மேலிருந்து மிரட்ட, ஐடா கீழிருந்து அழுதார்.

"அண்ணே, மெரட்டுங்க, ஆனா ஆடாதீங்க. எம்மேலயே வுழுவீங்க போல."

படம் புதன்கிழமை ஆப்பில் ஏறியது. டென்சில் லைன் லைனாகப் போய்ச் சொன்னார்.

"போன்ல இன்னா தெரியும் டென்சிலு?" என்றார் அடுத்த லைன் பார்வதம்மா. "எம்மூஞ்சியே தெரியாது. நம்ம சேனல்ல போடேன்."

முப்பது வருஷக் கேபிள் கை. யாராவது 'போடு' என்றால் போட்டுத்தான் பழக்கம். வியாழன் முதல் காலை, மதியம், மாலை என்று சொந்த சேனலில் ஓட்டினார். டிவியில் நிமிர்ந்த படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்பாக இடம் கிடந்தது. இடப்பக்கம் மட்டன் ஸ்டால் விளம்பரம், வலப்பக்கம் கல்யாண மண்டபம். நடுவில் ஐடா அழுதுகொண்டிருந்தார்.

ஊரே பார்த்தது. மணி பிளான்ட்கள் தரைக்கு இறங்கின. பக்கத்து நந்திதுர்க் லைனில் ராஜேந்திரனைப் பார்த்து ஒரு குழந்தை அலறியது. அதைவிட ஒரு வில்லனுக்கு வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை மாலை ரயிலில் வினோலியா வந்து இறங்கினாள். பிளாட்பாரத்தில் டென்சில் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார்.

"ஜெயிச்சுட்டோம்மா! அஞ்சாயிரம் இன்னா, பத்தாயிரம் பேர் பாத்துட்டாங்க!"

"எதுல டாடி?"

"டிவிலதான்."

"நம்ம கேபிள்லயா போட்டீங்க?"

"பின்ன இன்னா, அடுத்தவன் கேபிள்லயா போடுவேன்?"

வினோலியா போனைத் திறந்து, நிமிர்த்தியே காட்டினாள்.

ஆப்பில் பார்த்தவர்கள் ஆறு பேர். டென்சில் அதில் இல்லை. அவரும் டிவியில்தான் பார்த்தார்.