அம்மாவுக்குப் பதிலாக நடந்தது

நடையின் ஆறாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு டயர் கடை வாசலில் உட்கார்ந்து வலது குதிகால் கொப்புளத்தில் நூல் கோத்த ஊசியைச் செலுத்தி நீர் வடியவிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். யுவான்லின் ரயில் ஸ்டேஷனில் இறங்கிவிட்டாளாம்.

"போன்ல பல்லக்கு நிக்கிற இடம் புள்ளியா தெரியுது. நீ அதுக்கு எவ்வளவு தூரத்துல இருக்க?"

"முன்னாடி வந்துட்டேன்மா. அது பின்னால ஏதோ சந்துல நிக்குது."

"அவங்கள முந்திக்கிட்டு உனக்கு என்ன அவசரம்? சரி, அங்கயே இரு. ஃபாரமும் உன் முத்திரையும் கொண்டு வரேன்."

மாவட்ட நில அலுவலகத்தில் சேரச் சம்மதம் என்று கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்தி, அன்று மாலை ஐந்து மணிக்குள் தபாலில் சேர்க்க வேண்டிய ஃபாரம் அது. மூன்றாவது முறை எழுதித் தேறிய பரீட்சை. தேறினால் பைஷாதுன் கோயிலிலிருந்து பெய்காங் கோயில் வரை கடலம்மன் பல்லக்கோடு போய்த் திரும்பி நடப்பதாக வேண்டிக்கொண்டவள் அம்மா. குளிர்காலத்தில் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதால், அவளுடைய தொப்பியை என் தலையில் வைத்து அனுப்பினாள். இதில் அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நியூஸிலாந்தில் ஒரு வருடம் தங்கி வேலை செய்ய எனக்கு விசா வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இதை எடுத்தால் அது போகும், அதை எடுத்தால் இது போகும். எதை எடுப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சொல்வதுதான் பாக்கி.

கிளம்புமுன் நான் அட்டவணை போட்டிருந்தேன். எந்த ஊரில் எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை, எந்த நாளில் எந்தக் காலுறை. முதல் நாள் மதியத்துக்குள் அது குப்பைக்குப் போனது. பல்லக்கு எங்கே திரும்பும், எங்கே தங்கும் என்று யாருக்கும் தெரியாது. தோள் கொடுப்பவர்கள்கூட, அது இழுக்கிற பக்கம் போகிறோம் என்றுதான் சொல்கிறார்கள். ஒருநாள் நெல்வயல் வரப்பில் இறங்கியது. ஒருநாள் பெட்ரோல் பங்குக்குள் போய்க் கால் மணி நேரம் நின்றது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அடுத்த திருப்பம் தெரியாமலும் நன்றாக நடக்க முடிகிறது என்பதை இருபத்தேழு வயதில் என் கால்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. வழியில் அவித்த முட்டையும் பூசணி டீயும் நீட்டுகிறவர்கள் எல்லோரும், "தனியாவா வந்த?" என்று கேட்பார்கள். முதலில் நண்பர்கள் பின்னால் வருகிறார்கள் என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து, ஆமாம், தனியாகத்தான் என்றேன். அதற்காக யாரும் முட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த மூன்றாம் நாளில்தான் எனக்கு மாதவிலக்கு வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் பல்லக்குக் கிட்டேயே போகாதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். இருநூறு அடி பின்தங்கி நடந்தேன். தாவ்யுவானில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பெய்யுன் அக்கா, வழியில் பழக்கமானவள், காரணம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏன்டி, மேல உக்காந்திருக்கிறது ஆம்பளையா? அவளுக்குத் தெரியாததா? நட." நடந்தேன். அன்று மாலை பல்லக்கின் துணி கையில் உரசும் தூரத்தில் இருந்தேன்.

அம்மா குலுங்கும் ஒரு பழைய டாக்சியில் வந்து இறங்கியபோது, தெருமுனையில் தாளமும் வெடிச் சத்தமும் கேட்டன. பல்லக்கு எங்கள் பக்கமே திரும்பியிருந்தது. ஜனங்கள் சாலை நடுவில் ஒருவர் பின் ஒருவராகக் குப்புறப் படுக்க ஆரம்பித்தார்கள். பல்லக்கு மேலே கடந்துபோனால் நல்லது.

"ஃபாரம் அப்புறம்," என்று அம்மா கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மண்டியிட முடியாமல் பக்கவாட்டில் சரிந்து நீளமாகப் படுத்தாள். அவள் பாதங்களுக்குப் பின்னால் என் தலை. என் பாதங்களுக்குப் பின்னால், கூட்டத்தோடு வந்துசேர்ந்த பெய்யுன் அக்கா. தார் சூடாக இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்வது என்றால் நான் இன்னும் ஒரு வாரம் தள்ளியிருப்பேன். எதிரே இருந்தவை இரண்டு உள்ளங்கால்கள்.

"அம்மா. நான் அந்த ஃபாரத்துல முத்திரை குத்தப் போறதில்ல."

"என்ன, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"நியூஸிலாந்துக்குப் போறேன். ஒரு வருஷம். கிவிப் பழத் தோட்டத்துல வேலை. விசா வந்துடுச்சு."

பாதங்கள் அசையவில்லை. அம்மாவுக்கு முன்னால் படுத்திருந்த கிழவர் தலையைத் திருப்பி, "எந்த நாடாம்?" என்றார்.

"நீங்க பேசாம படுங்க," என்றாள் அம்மா அவரிடம். பிறகு தாரைப் பார்த்தே என்னிடம் சொன்னாள். "பழம் பறிக்க ஏரோப்பிளேன் ஏறணுமா? இங்க நம்ம தாஹூவுல ஸ்ட்ராபெரி பறிக்க ஆள் இல்லாம கெடக்கு."

"அங்க சின்ன வயசுலயே பறிச்சாச்சும்மா. ஞாயித்துக்கிழமை எல்லாம்."

"மூணு தடவ பரீட்சை எழுதினியே."

"நீ எழுதச் சொன்ன. என்னால முடியுமான்னு எனக்கும் பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன்."

தாளம் கிட்டே வந்தது. பெய்யுன் அக்கா பின்னாலிருந்து என் கணுக்காலை ஒருமுறை அழுத்தினாள்.

"வேலைக்குப் போக மாட்டேங்கிறவ, வேலை கெடைச்சதுக்கு ஆறு நாளா எதுக்குடி நடந்த?" என்றாள் அம்மா.

"உன் முட்டிய நெனச்சுத்தான் கெளம்பினேன். ரெண்டாம் நாளே மறந்துபோச்சு. அப்புறம் பிடிச்சுப்போய் நடந்தேன்."

பல்லக்கின் துணி மேலே வந்து வெளிச்சம் இளஞ்சிவப்பாக மாறியது. ஊதுபத்திப் புகை, தோள் கொடுப்பவர்களின் சேறு காய்ந்த காலணிகள், மூங்கில் நெரியும் ஓசை. அதற்குள்ளிருந்து, சந்தையில் விலை பேசுகிற அதே குரலில் அம்மா பல்லக்கிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"தாயே, போன வருஷம் உங்கிட்ட வந்து கேட்டது நான். இவ ஒண்ணும் கேக்கல."

பல்லக்கு கடந்துவிட்டது. நானும் அக்காவும் கைகொடுத்து அம்மாவைத் தூக்கி நிறுத்தினோம். கன்னத்தில் சின்னச் சின்னக் கற்கள் பதிந்திருந்தன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. என் தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள், உள்பக்கம் முகர்ந்து முகம் சுளித்தாள், தான் போட்டுக்கொண்டாள். கைப்பையை என் கையில் திணித்தாள்.

"ஃபாரம் உள்ள இருக்கு. முத்திரையும் இருக்கு. தபாலாபீஸ் அஞ்சு மணி வரைக்கும். நீயே பாத்துக்க."

"நீ எங்க போற?"

"வேண்டிக்கிட்டவ நடக்க வேண்டாமா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஏன், நீ டாக்டரக் கேட்டுத்தான் விசா வாங்கினியா?"

இடது காலைச் சற்று இழுத்து, வலது காலை ஊன்றி, கூட்டத்துக்குள் இறங்கினாள். என் பக்கம் திரும்பவில்லை. பையை மார்போடு பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தேன். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் அவள் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. "ஏறிக்குங்கம்மா, உள்ள எடம் இருக்கு," என்று ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்தார். வேன் அவளுடைய வேகத்துக்கு ஊர்ந்துகொண்டே வந்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. ஈ ஓட்டுவதுபோல் ஒரு கையை மட்டும் அசைத்து, முன்னே போகச் சொன்னாள்.