வேலிக்கு வைத்த வைரவர்

“முதல்ல உன்ரை வைரவரை எடு, பிறகு ஒழுங்கை கேள்!” மார்க்கண்டர் மதிலுக்கு மேலால் கத்தினார்.

“வைரவரை எடுக்கச் சொல்லுற வாய் புழுத்துப்போகும், அண்ணை!”

“புழுக்கட்டும், என்ரை வாய்தானே. உன்ரை பெட்டையின்ரை உயிரில்லையே!”

குணலட்சுமி வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடி ஊர் கண்டதில்லை. கிணற்றடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற அயலுக்குச் சப்பென்று போய்விட்டது.

விஷயம் இதுதான். தென்மராட்சியில் ஒரு சின்ன ஸ்ரேசனுக்குக் கிட்ட, றெயில் பாதையோரம் குணலட்சுமியின் வீடு. தார் றோட்டுக்குப் போக மார்க்கண்டரின் வளவோரமாக ஒரு ஒடுங்கின பாதை, ஒழுங்கை, இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு சண்டையோடு றெயில் கோச்சி நின்றது, ஸ்ரேசனைப் பூட்டினார்கள். தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குப் போய்ச் சேர, மிஞ்சியது அகலமான மண்பாதை. சைக்கிளில் போக அதைவிடச் சுகமான வழி உண்டா? குணலட்சுமியின் புருஷன் வீட்டு வாசலையே அந்தப் பக்கம் திருப்பி, விறாந்தையும் இறக்கினார். ஒழுங்கை ஒருவருக்கும் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் தேவைப்படாத ஒழுங்கை கனகாலம் ஒழுங்கையாக இராது. மாரிக்கு மாரி வேலிக் கதியால்கள் நடக்கத் தொடங்கும். றோட்டுப் பக்கத்தை மார்க்கண்டர் விழுங்கி வாழை வைத்தார். வீட்டுப் பக்கத்தைக் குணலட்சுமி விழுங்கினாள். ஆனால் மார்க்கண்டரின் கதியால்களுக்கு நடை கொஞ்சம் வேகம். ஒரு வெள்ளிக்கிழமை, கனவில் வைரவர் வந்து இடம் கேட்டார் என்று சொல்லி, வேலி முடிகிற இடத்தில் குணலட்சுமி கல்லொன்றை நட்டு, பக்கத்தில் சூலமும் குத்தினாள். கல், கைவிட்ட றெயில் பாதையில் பொறுக்கியது. எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் கதியால் அதோடு நின்றது. பிறகு மார்க்கண்டர் அந்த இடத்தில் மதிலே கட்டிவிட்டார்.

பிறகு நடந்ததுதான் ஒருவரும் எதிர்பாராதது. இரண்டாயிரமாம் ஆண்டு ஒரு பின்நேரம் அவளும் அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த மகள் உதயகலாவும் அந்தக் கல்லடியில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டில் ஷெல் விழுந்தது. உள்ளே இருந்த புருஷன் போனார். உதயகலாவின் காதுகள் போயின, உயிர் மிஞ்சியது. அன்றிலிருந்து குணலட்சுமிக்கு அது வேலிக்கல் இல்லை.

பதினான்கு வருஷம் கழித்துக் கோச்சி திரும்பி வந்தது. ஸ்ரேசனுக்கு வாழை கட்டி, தோரணம் தொங்கவிட்டு, ஊரே போய்ப் படம் எடுத்தது. குணலட்சுமி மட்டும் போகவில்லை. விறாந்தையில் இருந்தபடியே கோச்சியைத் தொட்டுவிடலாம் போலிருந்தது அவளுக்கு. தண்டவாளத்தைக் கடப்பதைத் தவிர வெளியே போக வேறு வழி இல்லை. ஒரு வீட்டுக்காகக் கேற் போட ஏலாது என்று றெயில் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். முன்பள்ளியில் படிப்பிக்கும் உதயகலா ஒவ்வொரு காலையும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளம் கடந்தாள். தாய் நடுவில் நின்று இரு பக்கமும் பார்த்து, சேலைத் தலைப்பை அசைத்தால்தான் மகள் கால் வைப்பாள். ஊர் அவளுக்கு ‘கேற்கீப்பர் குணம்’ என்று பட்டம் வைத்தது. அவளுக்கும் அது தெரியும். சிரித்தவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் காது கேட்கிறது என்பதும் தெரியும்.

மார்க்கண்டரிடம் ஒழுங்கை கேட்டபோதெல்லாம் இதே பதில்: வைரவரை எடு, மதிலை உடைக்கிறன். அவள் எடுக்கமாட்டாள் என்று அவருக்குத் திடமான நம்பிக்கை. கல்லைப் பற்றி அப்படியொரு பக்தி அவருக்கும் இருந்தது என்று சொல்லலாம்.

அந்தச் சண்டைக்கு அடுத்த கிழமை குணலட்சுமி காய்ச்சலில் படுத்தாள். உதயகலா தாயை எழுப்பாமல் போனாள். தகரத்தைக் கல்லில் இழுத்ததுபோல ஒரு சத்தம். குணலட்சுமி எழும்பி ஓடியபோது கோச்சி போய்விட்டிருந்தது. சைக்கிள் கம்பியாகக் கிடந்தது. உதயகலா மறுபக்கத்துப் புல்லில் இருந்து முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிலம் அதிர்ந்துதம்மா. சைக்கிளை விட்டிட்டுப் பாய்ஞ்சிட்டன்,” என்றாள். தான் எவ்வளவு உரக்கக் கத்துகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

குணலட்சுமி காய்ச்சலோடு அலவாங்கை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். கல்லடியில் முதல் குத்து விழுந்ததும் மார்க்கண்டர் சறத்தை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

“எடியே குணம், விசரே உனக்கு? வைரவரிலை கை வையாதை! நான் கோபத்திலை சொன்னனான்.”

“மதிலை உடையுங்கோ.”

“ஐயரைக் கூப்பிட்டு ஒரு சாந்தி எண்டாலும் செய்துபோட்டு...”

“கொண்டுவந்து வைக்கேக்கை ஐயர் வந்தவரோ?”

அயல் முழுக்கக் கேட்டது. இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்ததை அவளே வாயால் சொன்னபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கல் சரிந்தது. அவள் அதைத் துடைத்து, மடியில் கட்டி, பிள்ளையார் கோயில் வில்வமரத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வரும்போது நெற்றி வேர்த்திருந்தது. அது காய்ச்சல் விட்ட வேர்வை என்று அயல் சொன்னது. அவள் அப்படி நினைக்கவில்லை.

இத்தனை பேர் பார்த்திருக்க மார்க்கண்டர் என்ன செய்வார்? மதிலை உடைத்தார். அப்போதும் ஒரு முழம் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ஓட்டோ வந்தால் கண்ணாடியை மடக்க வேண்டும்.

வழி கிடைத்தது, குணலட்சுமிக்கு நித்திரை கிடைக்கவில்லை. உதயகலா தும்மினாலும் வைரவர் கணக்குத் தீர்க்கிறார் என்று எழும்பிவிடுவாள்.

மார்க்கண்டர் இப்போது ஊரில் இல்லை. மகன் மயூரதன் நோர்வேயிலிருந்து காசு அனுப்பி, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிப் பிளாற்றில் இருத்திவிட்டான். உதயகலா ஆவணியில் கலியாணம் முடித்து அச்சுவேலிக்குப் போனாள். மாப்பிள்ளை தபால் கந்தோரில் வேலை, நல்ல பெடியன். சாதகத்தையும் சம்பளத்தையும் குணலட்சுமி பிறகுதான் பார்த்தாள். தரகர் வந்தவுடன் அவள் முதல் கேட்டது, அச்சுவேலிப் பக்கம் கோச்சி ஓடுமோ என்பதுதான். ஓடாது என்று தரகர் சொன்னார். அதன் பிறகும் இரண்டு பேரிடம் விசாரித்தாள்.