மேடை ஏறாத மொன்விசோ

இத்தாலியில், தூரின் நகரத்து ஓப்பரா அரங்கின் பின்வாசலில், துணி போர்த்தி நின்றிருந்தது கார். பெயர் மொன்விசோ. பெரிய அதிகாரிகள் கோட்டு கசங்காமல் ஆபீஸ் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பேயாகவும் பறக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அறிமுக விழா. ஃபியொரென்சாவுக்கோ விழாவில் மனசே ஒட்டவில்லை.

பின்னே? எஞ்சினை உருவாக்கியவள் அவள். சத்தம் சரியாக வரவேண்டும் என்று எத்தனை சைலன்சர்களை அறுத்து அறுத்து ஒட்டியிருப்பாள்! ஆனால் அரங்குக்குள் எஞ்சினை முடுக்கக் கூடாதாம், தீயணைப்புக்காரர்கள் விதி. கம்பெனித் தலைவர் ஒத்தாவியோ சுலபமாக வழி கண்டுபிடித்துவிட்டார். காரை ஆட்கள் மேடைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பந்தயக் காரின் உறுமலைப் போடுவார்கள். பெற்ற பிள்ளைக்கு டப்பிங் குரலா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

துணியை உருவினார்கள். மேடைப் பணியாளர்களின் தலைவர் எர்மேத்தே காரைப் பார்த்ததும் பைக்குள் கைவிட்டு இரும்புச் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆட்களும் ஆளுக்கொரு இரும்பைத் தேடித் தொட்டார்கள். இரும்பைத் தொட்டால் கெட்டது அண்டாது என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"இது ஊதால்ல?" என்றார் எர்மேத்தே.

"ஆமா. வருஷக்கணக்கா அலைஞ்சு பிடிச்ச ஊதா," என்றார் ஒத்தாவியோ பெருமையாக.

"ஊதா மேடை ஏறாதுங்க."

"ஏன் ஏறாது?"

"நீங்க எந்த ஊருங்க? அந்தக் காலத்துல தவக்காலம் வந்தா பாதிரியாருங்க ஊதா அங்கி மாட்டுவாங்க, கொட்டகைய இழுத்து மூடுவாங்க. எங்காளுங்க வயித்துல ஈரத்துணிதான். அதுலேர்ந்து இங்க ஊதா சாக்ஸ்கூட உள்ள வராது. போன வருஷம் ஒரு பாடகி ஊதாக் கைக்குட்டையோட வந்தாங்க. பாதிப் பாட்டுல தொண்டை கட்டிக்கிச்சு."

"அது ஜலதோஷம்யா."

"ஜலதோஷத்துக்கு அன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

வேறு நிறத்தில் கார் இல்லை. முழுசாக முடிந்தது இது ஒன்றுதான். உள்ளே விருந்தாளிகள் வெர்மூத் மதுவைக் குடித்து முடித்து நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்கள். நிறத்தை வருஷக்கணக்காகப் பார்த்த கூட்டத்தில் ஒருத்தருக்காவது இது தோன்றியிருக்க வேண்டாமோ?

"மூடநம்பிக்கை. நாங்களே தள்ளிக்கிறோம்," என்று சீறினார் ஒத்தாவியோ. சீறிக்கொண்டே, யாரும் பார்க்காத மாதிரி கார்க் கதவை அழுத்தித் தொட்டுக்கொண்டார்.

ஃபியொரென்சா பார்த்துவிட்டாள். "ஐயா, அது அலுமினியம்," என்றாள் மெதுவாக.

"என்னது?"

"எடையக் குறைன்னு நீங்கதானே உயிர எடுத்தீங்க."

அவர் கை நெருப்பைத் தொட்டதுபோல விலகியது.

அவள் விடவில்லை. "வெளிய சதுக்கத்துல வச்சுக்கலாம். வானத்துக்கு ஆகாத நிறம்னு ஒண்ணு கிடையாது."

"அப்ப ஒலிபெருக்கி?"

"ஒயர் எட்டாது," என்றார் எர்மேத்தே. ஒயர் இருந்த பக்கம்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

காரைச் சதுக்கத்துக்குத் தள்ளிவந்தார்கள். விருந்தாளிகள் கம்பளிக் கோட்டும் கையில் கோப்பையுமாக அங்கே கூடினார்கள். ஒரு டிராம் வழி கிடைக்காமல் நின்றது. ஃபியொரென்சா உள்ளே ஏறிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அடக் கடவுளே, பிரேக்கை மிதிக்க மறந்திருக்கிறாள், தான் செய்த காரிலேயே!

மிதித்து அழுத்தினாள். அடித்தொண்டையில் ஒரு முனகல். அது மெல்ல மெல்ல ஏறி, சதுக்கத்தைச் சுற்றியிருந்த வளைவுத் தூண்களில் பட்டுத் திரும்பி, உச்சியில் போய்ப் பாட்டாகவே திறந்துகொண்டது. நாய்கள் குரைத்தன. டிராம் ஓட்டுநர் குஷியில் மணியடித்தார். கோப்பையைப் பிடித்திருந்தவர்கள் குடிக்க மறந்தார்கள். அவளுக்கோ சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

எஞ்சினை அணைத்தாள். சதுக்கமே கைதட்டியது.

எர்மேத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் குனிந்தார். "இன்ஜினியரம்மா, இன்னொரு தரம். இந்த வாட்டி அந்த மேல்சுரத்த உடனே விட்டுடாதீங்க. கொஞ்சம் நிறுத்திப் பிடிங்க."

அவள் பிடித்தாள்.